பதினேழாம் படுக்கை

வாசல்படி ஏறும்போதே அவளுக்கு மார்பு நனைந்தது. தண்ணீர் பாட்டில் ஒழுகுகிறதோ என்று பையைத் தடவினாள். பை காய்ந்துதான் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இதென்ன கூத்து என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பழைய பிரசவ ஆஸ்பத்திரியை மருத்துவ அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் தான் படுத்திருந்த வார்டை ஒருதரம் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்து வந்திருந்தாள். "செத்துப் பொறந்ததுக்கு இன்னும் என்ன? நான்தான் என் கையால புதைச்சேனே," என்று வழியெல்லாம் முணுமுணுத்தார் கணவர். எங்கே என்று கேட்டால் மட்டும் தடவைக்கு ஓர் இடம் சொல்வார், பாவி மனுஷன்.

உயரமான ஜன்னல்களில் வெயில் மங்கிக் கிடக்க, பினாயில் நெடிக்கு அடியில் புளித்த பால்வாடை வீச, துருப்பிடித்த இடுக்கிகளையும் ஊசிகளையும் தாண்டி அவள் நடக்க நடக்க, எங்கோ குழாய் சொட்டுவதுபோல் ஒரு சத்தம் கூடவே வந்தது. சப். சப்.

கடைசி அலமாரியில் கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் மட்டும் மருந்து பாதிதான் இருந்தது. உள்ளே ஒரு சிசு.

"இது ஒண்ணுதாம்மா தொல்லை," என்றாள் சுற்றிக்காட்டிய பெண். "மூடியெல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு. எவ்வளவு ஊத்தினாலும் குறைஞ்சுடுது."

சிசுவின் கணுக்காலில் துணி நாடா. பதினேழு. ஜாடியில் ஒட்டிய சீட்டில் அவள் பிரசவித்த தேதி. அன்று அவள் மணிக்கட்டில் கட்டியதும் அதே பதினேழுதான்.

"இந்த நாடா எல்லாக் குழந்தைக்கும் கட்டுவாங்களா?"

"உயிரோட பொறந்தா மட்டும்தாம்மா."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ராத்திரி தாண்டாதுன்னு டாக்டர் சொன்னார். படிப்புக்கு வேணும்னு கையெழுத்துக் கேட்டார். நீ பாத்தா தாங்க மாட்டேன்னு..."

"பசிச்சு அழுதுச்சா?"

அன்று குழந்தை இருந்ததற்கு அடுத்த அறையில் பால் கட்டி, வலியில் துடித்து, அதைத் துணியில் பிழிந்து சாக்கடையில் கொட்டியிருக்கிறாள் அவள். அவருக்கு அது தெரியும். தெரிந்தே வாய் திறக்கவில்லை.

சப். சப்.

குழாய் இல்லை. ஜாடிதான்.

ரவிக்கை தாண்டி, முந்தானை தாண்டி, தரையில் சொட்டியது பால். சுற்றிக்காட்டிய பெண் வீலென்று அலறினாள். கணவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவள் மட்டும் குனிந்தாள்.

ஜாடிக்குள் மருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. வெள்ளை. கெட்டி வெள்ளை. கண்ணாடியில் அழுந்திய இரண்டு உதடுகள். அவற்றுக்குக் கீழே, ஏறி இறங்கும் சின்னத் தொண்டை.