குழாய் வழியே போன குரல்

மைக்கம்மா வழக்கமாக உட்காரும் கல்லுக்கு எதிரே, ஒரு ஆள் சுருண்டு படுத்து எழுந்த அளவுக்குப் புல் மடங்கிக் கிடந்தது.

கூண்டு காலியாகி இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் புதுச் சிறுத்தைக் குட்டி வருகிறது, இரைக்குழாயைக் கழுவி வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால்தான் அவள் வாளியும் பிரஷ்ஷுமாக வந்தாள். மணி நாலுதான் ஆகியிருந்தது, ஆனால் மேகம் கவிழ்ந்து வெளிச்சம் கலங்கிப் போயிருந்தது. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும், எங்கோ ஒரு தகரம் காற்றில் அடித்துக்கொள்கிற சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. ஈரச்சாக்கு, பினாயில், பழைய ரத்தம் இவற்றுக்கு நடுவே வெந்த அரிசி போல ஒரு வாசனை வந்தது. சிறுத்தையின் மூத்திரம் அப்படித்தான் மணக்கும்.

பழைய வாசனையாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டு மாதமாக விடாமல் பெய்கிற மழையில் எந்தப் பழைய வாசனை நிற்கும் என்று மனசு உடனே திருப்பிக் கேட்டது.

கூண்டின் ஒரு பக்கம் முழுக்கப் பலகைச் சுவர். சிறுத்தை மனிதரைப் பார்க்கக் கூடாது என்பதற்காக அடித்தது. சுவரில் இடுப்புயரத்தில் ஒரு அகலக் குழாய். இந்தப் பக்கம் இறைச்சியைப் போட்டால் அந்தப் பக்கம் தட்டில் விழும். கழுவுவதற்காகக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குழாயின் வாய் பளபளவென்று சுத்தமாக இருந்தது. விளிம்பில் எச்சில் கோழையாகத் தொங்கியது. நக்கியிருக்கிறது. அதுவும் அவள் பக்கத்து வாயை.

வாளியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள்.

முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவள் சொல்லி முடித்த அடுத்த நிமிடம் யாராவது வந்து ஜன்னலைத் தட்டி அதையே கேட்பார்கள். பிறகு ஒருநாள் கம்ப்யூட்டர் குரல் வந்தது, அவளுக்கு ஒரு சால்வை வந்தது. மகன் வீட்டில் அவள் வாயைத் திறந்தால் மருமகள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். இந்த மறுவாழ்வு மையத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்ய ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் கிளம்பி வந்துவிட்டாள்.

தாயை இழந்த சிறுத்தைக் குட்டிகளையும் புலிக் குட்டிகளையும் வளர்த்துக் காட்டில் விடுகிற இடம் இது. மனித வாசனை, மனித உருவம், மனிதக் குரல் மூன்றும் பழகாத குட்டிதான் காட்டுக்குப் போகும். பழகிவிட்டால் ஆயுள் முழுக்கக் கூண்டு. அதனால் கூண்டுப் பக்கம் யாரும் பேசக் கூடாது, எல்லாம் கைச்சைகைதான். உள்ளங்கையைத் தூக்கினால் நில். விரலை உதட்டில் வைத்தால் பேசாதே. டாக்டர் முதல் நாளே அவள் கதையைக் கேட்டுச் சிரித்தார், "மைக்கம்மாவுக்கு மௌன விரதம்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

விரதம் ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. ஏழாம் நம்பர் சிறுத்தைக்கு இரை போடுவது அவள் வேலை. ஒரு மாலை குழாயில் வாயை வைத்து, "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள். பலகைக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்று, அருகே வந்தது. அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. மகன் போன் செய்யாதது, மருமகள் பாத்திரத்தை இடித்து வைப்பது, சால்வையில் இருந்த கறை எல்லாவற்றையும் தினமும் சொன்னாள். சொல்லித் தீர்ந்ததும் இறைச்சியைத் தள்ளிவிடுவாள். நடுவில் இருமல் வந்து நிறுத்தினால் அது எழுந்து நிற்கிற சத்தம் கேட்கும். மறுபடி பேசினால் உட்காரும். பேச்சு முடிந்தால் இரை என்று அது கற்றுக்கொண்டதை அவள் தன்னைக் கேட்கிற காதாக எடுத்துக்கொண்டாள். பதினோரு மாதம்.

காட்டில் விடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. டாக்டரும் டிரைவரும் வேலியோரம் நின்று உரக்கப் பேசினார்கள். ஏழாம் நம்பர் பதறிப் புதருக்குள் ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு குரலுக்கு மட்டும் அது ஓடாது என்று தெரிந்தவள் உதட்டில் விரலை வைத்தபடி நின்றாள். சொன்னால் அதற்குக் கூண்டு, அவளுக்கு மகன் வீடு. இரண்டும் ஒன்றுதான் என்று நியாயம் வேறு கற்பித்துக்கொண்டாள்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வாக்கி டாக்கி கரகரத்தது. இரண்டு மாதம் முன்பு காட்டில் விட்ட ஏழாம் நம்பரைத் தேடி டாக்டரும் டிரைவரும் காலையிலேயே ஜீப்பில் போயிருந்தார்கள்.

"மைக்கம்மா, கேக்குதா? மூணு நாளா அது நம்ம பக்கமாதான் நடந்து வருது. கழுத்துப்பட்டை சிக்னல் காலைல நின்னுபோச்சு. கேமராவுல பாத்தா எலும்பும் தோலுமா இருக்கு. வேட்டையே ஆடல போல. எதுக்குத் திரும்பி வருதுன்னுதான் புரியல."

அவளுக்குப் புரிந்தது.

"ஆத்துல வெள்ளம். ஜீப் தாண்டாது, காலைலதான் வருவோம். பயப்படாதீங்க, மனுஷக் குரல்னா அதுக்கு ஆகாது, அன்னைக்கு நீங்களே பாத்தீங்களே. வெளிய போனா சத்தமா பேசிக்கிட்டே போங்க. பேசறதுக்கு உங்களுக்கா சொல்லித்தரணும்?"

இப்போதாவது சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரே ஒரு வாக்கியம். "சரி டாக்டர்" என்றாள்.

டிரைவர் குரல் குறுக்கே வந்தது. அவன் மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். ஆறு வயது மகளை மைக்கம்மாவிடம்தான் விட்டிருந்தான். "அம்மா, குட்டி என்ன பண்றா?"

"தூங்குறாப்பா. நான் பாத்துக்கறேன்."

அவள் பேசி முடித்தபோது வெளியே ஈரச் சருகில் ஏதோ நடந்து வந்து நின்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான். வாக்கி டாக்கியை மேசையில் வைத்துவிட்டு மூச்சை அடக்கினாள். ஒரு நிமிடம். சருகுச் சத்தம் மெல்ல விலகி, கூண்டுப் பக்கமாகப் போயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்று யாரோ காதுக்குள் சொன்னது போல இருந்தது.

உள்ளறைக்குப் போனாள். படுக்கை காலியாகக் கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. வாசலில் குட்டியின் செருப்பு இல்லை.

எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த நேரத்தில் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பாள். மைக்கம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு ஓடினாள். கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள், விறகு அடுக்குக்குப் பின்னால் பார்த்தாள். ஈர மண்ணில் சின்னச் செருப்புத் தடம் கூண்டை நோக்கிப் போனது. அதன் மேலேயே, நடுக்குதிகாலில், வட்டமாக இன்னொரு தடம் பதிந்திருந்தது.

பலகைச் சுவரைச் சுற்றி வந்தாள்.

குட்டி வேலி மூலையில் நின்றிருந்தாள். இரண்டு பக்கம் கம்பி வேலி, ஒரு பக்கம் பலகை. கையில் மைக்கம்மா விட்டுப்போன பிரஷ். அவளுக்கு உதவி செய்ய வந்திருக்கிறாள். பத்தடி தள்ளி, மடங்கிய புல்லின் மேல், விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஏழாம் நம்பர் பதுங்கிக் கிடந்தது. வால் நுனி மட்டும் அசைந்தது. கண் பிள்ளையின் மேல்.

மைக்கம்மா உள்ளங்கையைத் தூக்கினாள். நில்.

குட்டி நின்றாள். சைகையெல்லாம் அவளுக்கு மைக்கம்மாதான் கற்றுக்கொடுத்தாள், விளையாட்டாக. சிறுத்தை பக்கத்தில் இருந்தால் வாயே திறக்கக் கூடாது. நானே பேசச் சொன்னாலும் பேசக் கூடாது என்பாள். பிறகு அவளே ஏமாற்றிப் பேச வைக்கப் பார்ப்பாள். குட்டி ஒருமுறை கூட ஏமாறவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்லேட்.

சிறுத்தையின் பின்னங்கால்கள் மெல்ல மடங்கின.

"வந்துட்டியா?" என்றாள் மைக்கம்மா.

அதன் காது திரும்பியது. பிறகு தலை. எழுந்து, நிதானமாக நடந்து வந்து, அவளுக்கு நான்கடி முன்னால் உட்கார்ந்தது. அந்தக் குரலுக்கு ஒரு முகம் இருப்பதை முதல்முறையாகப் பார்த்தது. ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. காத்திருந்தது.

பேச்சு முடிந்தால் இரை.

அவள் பேசினாள். மகன் போன் செய்யாததைச் சொன்னாள். பாத்திரம் இடித்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே குரல் மாறாமல், "குட்டி, கத்தும்மா. நீ கத்துனா இது ஓடிடும். கத்து" என்றாள். குட்டி உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். "விளையாட்டு இல்லடா கண்ணு. நெஜமாத்தான் சொல்றேன்." மறுபடி தலையாட்டல். கத்து என்பதற்கு அங்கே சைகையே கிடையாது. அங்கிருந்த அத்தனை சைகையும் அமைதிக்கானது.

மழை பிடித்தது. வெளிச்சம் இறங்கியது. சொல்வதற்கு இருந்த குறைகள் எல்லாம் தீர்ந்துபோயின. ஒரு வாழ்க்கையின் மனக்கசப்பு ஒரு மணி நேரத்துக்குக் கூட வரவில்லை என்பது அந்த நிலையிலும் அவளுக்கு அவமானமாக இருந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏழாம் எண் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

அது கேட்டது. முப்பது வருடத்தில் யாரும் கேட்காத கவனத்தோடு, ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

எட்டாம் எண். ஒன்பதாம் எண். எல்லாம் புறப்பட்டன. எல்லாம் திரும்பி வந்தன. மறுபடி புறப்பட்டன. தொண்டைத் தண்ணீர் வற்றியது. இருமல் வந்தது. அது எழுந்து நின்றது. பேசினாள். உட்கார்ந்தது. இப்போது மூன்றடி.

"பயணிகளின்."

குரல் உடைந்தது. காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். அது நாக்கைச் சுழற்றி மூக்கை நக்கிக்கொண்டு, முன்பக்கமாகச் சாய்ந்தது.

"கனிவான."

மூலையில் குட்டி அசையாமல் நின்றாள். மழையில் நனைந்த முகத்தில் பயத்தை விடப் பெரிய கண்டிப்பு இருந்தது. மைக்கம்மாவையே பார்த்தபடி, கற்றுக்கொடுத்தது போலவே, ஒரு பிசகும் இல்லாமல், விரலைத் தூக்கித் தன் உதட்டின் மேல் வைத்தாள்.

பேசாதே.