முளைக்காத பல்

"நாளைக்குப் பொதைக்கப் போறாங்க ஐயா. அது எம்புள்ளையா இருந்தா?"

நனைந்த குடையை மடக்க மறந்து நின்றான் ஜீவன். பதுளையின் பல் வைத்தியர் கனகரத்தினம் மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில், சட்ட வைத்தியர் ஆராயச் சொல்லி அனுப்பிய சின்னஞ்சிறு தாடையும் அதனோடு கிடைத்த தாயத்தும் இருந்தன.

இரண்டு வருடங்களுக்கு முன் மடுல்சீமையில் மண் சரிந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரு லயம் புதைந்தது. கொழும்பில் வேலை செய்த ஜீவன் மனைவியின் உடலைத்தான் கண்டான். மகள் நிலுஷா கிடைக்கவில்லை. அடுத்த காம்பரா அறையிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்ட ரெங்கம்மாவின் மகள் தனுஜாவும் கிடைக்கவில்லை. காணாமல்போன சிறுமிகள் அந்த இருவர்தான்; இருவருக்கும் எட்டு வயது. இந்த மழையில் ஒரு சிறுமியின் எலும்புகள் வெளிவந்தன. கழுத்தருகே தனுஜாவின் தாயத்து. ரெங்கம்மா தன் பிள்ளை என்றாள்.

"தாயத்தே இருக்கு, பிறகென்ன சந்தேகம் சேர்?" என்றான் உதவியாளன் கிஷாந்தன்.

"கயிற்றைப் பார்," என்றார் கனகரத்தினம்.

நீல நைலோன்.

"கொழுந்துச் சாக்குக் கட்டுற கயிறு. பிள்ளை பிறந்ததிலயிருந்து கறுப்புக் கயிற்றில போட்டதெண்டு ரெங்கம்மா சொன்னவ."

"பழசு அறுந்திருக்கும்."

"இருக்கலாம். தாடையைப் படமெடு."

பிற்பகல் ரெங்கம்மாவும் வந்தாள். கனகரத்தினம் இரண்டு எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் மாட்டினார்.

"இது தனுஜா பால்பல் வலியெண்டு வந்தபோது எடுத்தது. எலும்புக்குள்ள, முளைக்காத கடைவாய்ப் பல்லில, கறுப்பாய் ஒரு குழி."

"அப்பவே சொன்னீங்க. முளைக்காத பல்லுல எப்படிங்க சொத்தைன்னு சிரிச்சுக்கிட்டே போனோம்."

"வெளியில பார்த்தால் தெரியாது. ஆனால் அந்தக் குழி தானாய் மூடாது." மற்றப் படத்தைத் தொட்டார். "இது இந்தத் தாடை. அதே பல். குழி இல்லை. இது தனுஜா இல்லை, அம்மா."

அவர் தாயத்தை நீலக் கயிற்றோடு தூக்கிக் காட்டினார்.

"தாயத்தைக் கழட்டி நிலுஷாவுக்குக் கட்டினது நீங்கள்தானே? அவசரத்தில, கையில கிடைச்ச கயிற்றால."

ரெங்கம்மா ஜீவனைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு அதுக்குக் காய்ச்சல். அனத்திக்கிட்டே கெடந்துச்சு. எம்புள்ள கழுத்துலேர்ந்து நான்தான் கழட்டினேன். கறுப்புக் கயிறு அறுந்துபோச்சு. விடியறதுக்குள்ள மலை எறங்கிருச்சு."

அவள் மேசையிலிருந்த தாடையைப் பார்த்தாள்.

"இது தனுஜான்னா, நான் கழட்டலன்னு ஆயிரும்ல ஐயா?"

கிஷாந்தன் படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான்.

ஜீவன் தாயத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். "எம்புள்ளைக்கா கட்டுனீங்க, அக்கா?" அவள் கை நீளவில்லை. அவன் கையும் மடங்கவில்லை.

வாசல்வரை போன ரெங்கம்மா திரும்பினாள்.

"அந்தப் பல்லு... அவளுக்கு வலிச்சிருக்குமாங்க?"

கனகரத்தினம் விளக்கை அணைத்தார். இரண்டு படங்களும் ஒரே கறுப்பாயின.

"இல்லை. அது வெளியில வரவே இல்லை."