பில்கூனுக்கு ஒரு வில்

வில்வித்தைப் போட்டிகள் நடக்கும் நாதாம் திருவிழாவுக்கு முந்தைய நாள், பொழுது விடிந்ததுமே பில்கூன் பூட்ஸைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கூடாரத்தின் வாசலில் நின்றான்.

“அக்கா, எழுந்திரு! வில்லெல்லாம் தீர்ந்துடப் போகுது!”

செல்மெக் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “வில்லு என்ன சுடச்சுடப் பொரிச்ச ரொட்டியா, தீர்ந்து போறதுக்கு? பேசாம படுடா.”

பில்கூனுக்கு வயது ஐந்து. முதல் வில் இந்த ஆண்டுதான் என்று அப்பா ஒச்சிர் சொல்லியிருந்தார். பத்து வயது செல்மெக் சிறுவர் போட்டியில் அம்பு எய்பவள். அவள் வராமல் தன் வில்லை வாங்கக் கூடாது என்று பில்கூன் எல்லோரிடமும் சத்தியம் வாங்கி வைத்திருந்தான்.

அப்பாவின் லாரி புல்வெளியில் குலுங்கிக் குலுங்கி விழா மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அம்பு எய்யும் இடத்துக்குப் பக்கத்தில், தான் செய்த விற்களை ஒரு கம்பளத்தின் மேல் பரப்பி வைத்திருந்தார் நோரோவ் அக்கா.

பில்கூன் நேராக ஓடிப்போய், ஆளுயரத்துக்கு இருந்த ஒரு கறுப்பு வில்லைக் கட்டிக்கொண்டான். சிவப்பு நூல் சுற்றிய வில். அவனைவிட உயரம்.

“இதுதான் என் வில்லு!”

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “நல்ல கண்ணுடா உனக்கு! நோரோவ், இதையே குடுத்துடு. வளர்ற பையன். ரெண்டு மூணு வருஷத்துல அளவு சரியாயிடும்.”

“பூட்ஸ் பெருசா இருந்தா பஞ்சு அடைச்சுப் போட்டுக்கலாம், ஒச்சிர் அண்ணா. வில்லு பெருசா இருந்தா எதை அடைப்பீங்க?” என்றார் நோரோவ். “முதல்ல இழுத்துப் பார்க்கட்டும்.”

பில்கூன் கட்டைவிரலை நாணில் கொக்கி போல மாட்டி இழுத்தான். நாண் அசையவில்லை. பல்லைக் கடித்தான். வயிறு முன்னால் வந்தது, முகம் சிவந்தது, தொப்பி கண்ணில் இறங்கியது. கடைசியில் கால் வழுக்கி, வில்லோடு புல்லில் பொத்தென்று உட்கார்ந்தான்.

பக்கத்தில் பயிற்சிக்கு வந்திருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் பன்னிரண்டு வயது கன்சுக்.

“டேய், நீ வில்லை இழுக்கறியா, வில்லு உன்னை இழுக்குதா?”

நோரோவ் சட்டென்று ஒரு சின்ன மஞ்சள் வில்லை எடுத்து நீட்டினார். “இந்தா ராஜா, இதைப் பிடிச்சுப் பாரு.”

“அது பாப்பா வில்லு,” என்றான் பில்கூன். “எனக்கு வேண்டாம். எனக்கு வில்லே வேண்டாம்.”

அவன் அழவில்லை. விறுவிறுவென்று நடந்துபோய் லாரிக்கு அடியில் புகுந்துகொண்டான்.

அப்பா குனிந்து கெஞ்சினார். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றார். பிறகு அதட்டினார். பில்கூனின் பூட்ஸ் இன்னும் உள்ளே நகர்ந்தது. நிமிர்ந்தபோது தலை லாரியில் இடித்ததுதான் மிச்சம்.

“போகட்டும். அந்தக் கறுப்பு வில்லையே வாங்கிடறேன்,” என்றார் தலையைத் தேய்த்துக்கொண்டே. “இப்போதைக்கு வீட்டுல மாட்டி வெச்சுக்கட்டும்.”

“மாட்டி வெச்சா அது வில்லாப்பா? அப்புறம் அதுல உங்க கோட்டைத்தான் மாட்டணும்,” என்றாள் செல்மெக்.

தம்பியின் அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம். அவளுடைய முதல் வில், சித்தப்பா மகன் பயன்படுத்திய கனமான வில். இழுத்தால் தோள் வலிக்கும். நாண் முன்கையில் பட்டுத் தடித்துவிடும். வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வில் இருக்கும் பக்கமே போகவில்லை.

“கொஞ்சம் பொறுங்கப்பா,” என்றாள். பயிற்சிக்காகக் கொண்டுவந்த தன் வில்லைக் கம்பளத்தில் வைத்துவிட்டு, அந்த மஞ்சள் வில்லையும் அதற்கேற்ற சின்ன அம்புகளையும் எடுத்துக்கொண்டு பையன்களின் வரிசையில் போய் நின்றாள்.

கன்சுக் அவளை மேலும் கீழும் பார்த்தான். “என்ன செல்மெக், துவைச்சதுல வில்லு சுருங்கிப் போச்சா?”

“ஆமா. உன் வாயைத் துவைச்சுப் பார்த்தோம், அது மட்டும் சுருங்கல.”

பதில் சொல்லிவிட்டாளே தவிர, காது சூடாகியது. நாளைக்குப் போட்டி. இவர்கள் எல்லோரோடும்தான் எய்ய வேண்டும். அவள் எய்த முதல் அம்பு பாதி வழியிலேயே புல்லில் படுத்துக்கொண்டது. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவே ஒரு நொடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லோரும் எய்து முடிக்கும்வரை காத்திருந்தாள் செல்மெக். பிறகு தன்னந்தனியாக இலக்கை நோக்கி நடந்தாள். நன்றாகக் கிட்டே போய் நின்றாள். தரையில் இலக்காகத் தோல் உருளைகள் சின்ன மதில் போல அடுக்கப்பட்டிருந்தன. இந்தத் தூரம் சின்ன வில்லுக்குப் போதும்.

நாணை இழுத்தாள். வெண்ணெய் போல வந்தது. விட்டாள். டப்! ஓர் உருளை குட்டிக்கரணம் போட்டுப் பின்னால் உருண்டது.

இலக்கின் பக்கத்தில் நின்ற நடுவர், இது சின்ன வில் என்றெல்லாம் பார்க்கவில்லை. அம்பு பட்டால் வழக்கமாகச் செய்வதுபோல இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி நீட்டிப் பாடினார்: “ஊ... ஹாய்!”

செல்மெக் மறுபடியும் எய்தாள். மறுபடியும் டப்! அவளுக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவு சுகமான வில்லை அவள் இதுவரை கையில் பிடித்ததே இல்லை. லாரியின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து யாரோ அவள் அங்கியைப் பிடித்து இழுத்தார்கள்.

“அக்கா. அது என் வில்லு.”

“உன் வில்லா? வேண்டாம்னு சொன்னியே.”

“அது அப்போ.”

“ஐயய்யோ, எனக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சேடா. இப்ப என்ன பண்றது?”

பில்கூன் புருவத்தைச் சுருக்கி யோசித்தான். “நான் நிறையத் தடவை எய்யறேன். நீ கொஞ்சத் தடவை எய்.”

“சரி, நியாயம்தான்.”

செல்மெக் அவன் பின்னால் மண்டியிட்டாள். அவன் கட்டைவிரலை நாணில் மாட்டிவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள். பில்கூன் தானாகவே இழுத்தான். முழங்கை மெதுவாகப் பின்னால் போனது. தோள் தூக்கவில்லை, கை நடுங்கவில்லை.

அங்கேயிருந்தே நோரோவ் குரல் கொடுத்தார். “பார்த்தீங்களா அண்ணா? அந்த வில்லு அவனுக்குன்னே பொறந்தது!”

முதல் அம்பு எங்கோ புல்லுக்குள் போனது. பில்கூன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னோட முதல் அம்பும் அப்படித்தான் போச்சு. எல்லாரும் சிரிச்சாங்களே, கேட்கலையா?” என்றாள் அவள்.

அடுத்த அம்பு தரையில் பட்டு, எகிறி, சறுக்கிக்கொண்டே போய் ஓரத்து உருளையைத் தொட்டது. உருளை ஆடியது. விழலாமா வேண்டாமா என்று யோசித்தது போல நின்றது. பிறகு பொத்தென்று சாய்ந்தது.

“ஊ... ஹாய்!” நடுவர் பாடினார். அப்பாவும் பாடினார். செல்மெக் திரும்பிப் பார்த்தபோது கன்சுக்கும் கைகளைத் தூக்கியிருந்தான்.

அவன் ஓடி வந்து, அந்த மஞ்சள் வில்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். “டேய் பில்கூன், எனக்கும் ஒரு தடவை தாடா.”

பில்கூன் அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வில்லை இரண்டு கைகளாலும் பத்திரமாக நீட்டினான்.

“மெதுவா இழுங்கண்ணா. முதல் தடவை கொஞ்சம் கஷ்டமா இருக்கும். விழுந்தீங்கன்னா நான் பிடிச்சுக்கறேன்.”