சிவக்காத ஏடு

வியாழன், காலை 8.10. ரேணிகுண்டா தொழிற்பேட்டையில் இருந்த அந்தச் சின்ன ஆய்வகத்தில் காவ்யா போட்ட கூச்சலில் வாசல் காவலாளியே ஓடிவந்துவிட்டார்.

"என் ஏட்டை எவனோ மாத்திட்டான்!"

கொம்புச்சா என்ற தேநீர்ப் பானத்தைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தேநீரின்மேல் பாலாடை மாதிரி கெட்டியாக ஓர் ஏடு கட்டும். காவ்யா அவற்றின் மரபணுவைத் திருத்தி, நீல விளக்கில் வைத்தால் ஏடு தானாகவே சிவக்கும்படி செய்திருந்தாள். சாயமே இல்லாமல் சிவப்புத் துணி! சாயக்கழிவில் வீட்டுக் கிணற்றைப் பறிகொடுத்த நகரி ஊர்க்காரி அவள். நாலு வருஷ உழைப்பு. இன்றோ இரண்டு மணி நேரம் விளக்கில் வைத்தும் ஜாடியில் ஏடு வெள்ளையாகவே கிடந்தது.

8.45. எஸ்.ஐ. தாட்சாயணி ஜாடிக்குள் குனிந்து பார்த்தாள். உட்சுவரில் விரல் பருமனுக்கு ஒரு கண்ணாடி மேடு, கருவி பொருத்துவதற்காம். ஏடு அந்த மேட்டையும் வளைத்துக்கொண்டு இடைவெளியே இல்லாமல் பொருந்தியிருந்தது. ஓரத்தில் கத்தி பட்ட தடம் இல்லை. கனம் அரை அங்குலம்.

"இது வளர எத்தினி நாள் ஆவும்?"

"பன்னெண்டு நாளாவது ஆவும் மேடம்."

"உன் ஏடு கடைசியா எப்ப இருந்துச்சு?"

"நேத்து சாயங்காலம். ஒரு துண்டு வெட்டிப் பாத்தேன், செவந்துச்சு."

"இந்த மாதிரி ஜாடி கடையில கெடைக்குமா?"

"ரெண்டே ரெண்டுதான், சொல்லிச் செஞ்சது. இன்னொண்ணு போன மாசம் சௌரிராஜன் சார் கைதவறி ஒடைஞ்சிடுச்சி. அவரே வாரிக் கொட்டிட்டாரு."

மூத்த ஆய்வாளர் சௌரிராஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்றரைக்கு எனக்கு ஹைதராபாத் ஃப்ளைட். நேத்திக்குக் கடைசியாப் பூட்டினது கிஷோர். திங்கட்கிழமை சேர்ந்தவன். அவனைக் கேளுங்கோ."

கிஷோர் பதறி முன்னால் வந்தான். "சத்தியமா நான் தொடலை மேடம்!"

"நீ தொட்டிருக்க முடியாது" என்றாள் தாட்சாயணி. "பன்னெண்டு நாளைக்கு முன்னாடி நீ இங்க ஏது? சார், ஏடு வளர்ற பாத்திரத்தோட வடிவத்தைத்தான் எடுத்துக்கும். இது மேட்டைச் சுத்திக்கினு வளந்திருக்கு. நேத்து வரைக்கும் இங்க இருந்த ஜாடியில காவ்யாவோட ஏடு. அப்ப இது வளந்தது இன்னொரு ஜாடியில, நீங்க ஒடைச்சேன்னு சொன்னதுல! ஜாடியோடவே மாத்தி வெச்சிட்டீங்க. கார் டிக்கியைத் தொறங்க."

டிக்கியில் தெர்மாகோல் பெட்டி. அதற்குள் கீறல்கூட விழாமல் அதே மாதிரி இன்னொரு ஜாடி. அதில் காவ்யாவின் ஏடு!

"பத்து வருஷமா எல்லார் ஆராய்ச்சிக்கும் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார் சௌரிராஜன், தரையைப் பார்த்தபடி. "என் பேர்ல ஒண்ணுகூட இல்லை."

காவ்யா அதைக் கேட்க அங்கே இல்லை. ஜாடியோடு விளக்கை நோக்கி ஓடியிருந்தாள்.

11.20. ஏட்டின் ஓரத்தில் நூல்போல ஒரு சிவப்பு.

"மேடம்! செவந்துகினு வருது, வந்து பாருங்க!"