மூடிய அறையில் காற்று

கழற்றி வைத்த காற்றுமானி அறைக்குள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

கிளைட்டன் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடியே நின்றான். கையில் பிள்ளைக்கு ஆற்றிக்கொண்டு வந்த கொத்தமல்லித் தண்ணீர். யன்னல் பூட்டியிருந்தது. மின்விசிறியும் ஓடவில்லை. கட்டிலில் அவன் மகள் ஜூலியானா, நாலு வயது, காய்ச்சல் களைப்பில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். மேசையில், பின்னேரம் அவன் கூரையிலிருந்து இறக்கி வைத்த பழைய கருவியின் மூன்று கறுப்புக் கிண்ணங்களும் மெல்லச் சுற்றின. நின்றன. மறுபடி சுற்றின.

சண்டை முடிந்து கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கிய பிறகு, மீன்பிடி வள்ளத்தை விட்டுவிட்டு, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு களப்புத் தண்ணீரில் பலகையில் சறுக்க அவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பதுதான் அவன் வேலை. காற்றடித்தால்தான் வீட்டில் சோறு. அதற்காகத்தான் குறிஞ்சிப்பிட்டி வீட்டுக் கூரையில் அந்தக் கருவியைப் பூட்டினான். உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது. கச்சான் காற்று தென்னையை வளைத்து அடிக்கிற நேரத்தில்கூட, ஏணி வைத்து ஏறிக் கிண்ணத்தை விரலால் தட்டிவிட வேண்டியிருந்தது. அதனால் புதுசு ஒன்று வாங்கி இன்றைக்குத்தான் மாற்றினான். புதுசில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. காற்றைத் தானாகவே அளந்து கூடத்துச் சுவரில் மாட்டிய திரைக்கு அனுப்பும்.

வெளியே அத்தனை காற்றுக்கும் அசையாத கிண்ணங்கள், காற்றே புகாத அறையில் அசைந்தன.

கோப்பையை வைத்துவிட்டு யன்னல் ஓரமெல்லாம் கையால் தடவிப் பார்த்தான். எங்கேயும் காற்றில்லை. கிண்ணங்களுக்கு மேலே இருந்த திசைமுள் அலுமாரியை நோக்கி நின்றது. காற்று எந்தப் பக்கமிருந்து வருமோ அந்தப் பக்கம்தான் முள்ளின் மூக்கு நிற்கும். அலுமாரியைத் திறந்தான். மனைவி மெலனியின் சாரிகள், பூச்சி உருண்டை வாசம், அதற்கும் பின்னால் நனைந்த சாக்கை நாள்கணக்காய் மூடி வைத்தது மாதிரி ஒரு புழுங்கல் நாற்றம். உடுப்புகளை விலக்கினான். பலகைதான் இருந்தது.

திரும்பியபோது முள் அலுமாரியை விட்டு விலகி, கதிரையைக் காட்டியது.

ஃபோன் அடித்தது. தலவில கோயிலுக்குத் தாயோடு போயிருந்த மெலனி.

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"

"குறைஞ்சிருக்கு. படுத்திருக்கா."

"நீங்க ஓடியா வந்தீங்க? இப்பிடி மூச்சு வாங்குது."

கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"இல்லையே," என்றான்.

"மெதுவாக் கதைங்க, பிள்ளை எழும்பிருவா. பூசை முடிஞ்சதும் பஸ் எடுக்கிறம்."

ஃபோனை வைத்ததும் வீடு ஒருமாதிரி அடங்கிப்போயிருப்பதை உணர்ந்தான். ஏதோ ஒன்று குறைந்திருந்தது. என்னவென்று பிடிபடாமல் கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தான். ஒரு கதவைச் சாத்தினான், திறந்தான். பிறகுதான் விளங்கியது. கூரைத் தகரம் படபடக்கவில்லை. புதுத் திரையில் காற்றின் வேகம் பூச்சியம். பூட்டும்போது எங்கேயோ பிழை விட்டிருப்பேன் என்று நினைத்து முன்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

பிழையில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் தென்னோலைகள் கீழே தொங்கின. ஒன்றுகூட அசையவில்லை. கச்சான் பருவத்தில் அந்தக் கரையில் இப்படியொரு அமைதியை அவன் கண்டதே இல்லை.

உள்ளே கிண்ணங்கள் கிறீச்சிட்டன.

"அப்பா." ஜூலியானாவின் குரல், தூக்கக் கலக்கத்தில். "காதில ஊதாதீங்க."

அவன் கூடத்தில் நின்றான். அறைக்கும் அவனுக்கும் நடுவே நாலைந்து எட்டு இருக்கும்.

"நான் இங்க நிக்கிறன், மகள்," என்றான்.

"கூச்சமா இருக்கு," என்றாள். சிணுங்கலோடு கொஞ்சம் சிரித்தாள்.

அறைக்குள் போனான். முள் கட்டிலைக் காட்டியது. கிண்ணங்கள் வேகமாகச் சுற்றின. நின்றன. சுற்றின. நின்றன. அந்த இடைவெளியில் ஒரு நிதானம் இருந்தது. அவசரமில்லாத, ஆழமான மூச்சு. புழுங்கல் நாற்றம் இப்போது தலையணைக்குப் பக்கத்தில் நின்றது. வெதுவெதுப்பாக.

துணி, செருப்பு எதையும் தேடவில்லை. பிள்ளையைப் போர்வையோடு வாரி எடுத்தான். முழங்கால் கட்டிலில் இடித்தது. அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. பின்னால் கிண்ணங்கள் சட்டென்று நின்றன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கூடம். முன்கதவு. படி. முற்றத்து மணல். தெருவிளக்கின் கீழே வரும்வரை ஓடினான். ஓடிவந்த வழியைப் பார்த்தபடி திரும்பி நின்றான்.

வாசல் திறந்து கிடந்தது. யாரும் வரவில்லை. வெளிச்சம் மணலில் விழுந்து கிடந்தது, அவன் நிழலும் பிள்ளையின் நிழலும் ஒன்றாக. வேலி ஓரத்துக் கொடியில் காயப்போட்ட சட்டை அப்படியே தொங்கியது. ஓலை அசையவில்லை. இலை அசையவில்லை.

வந்துவிட்டோம். அவ்வளவுதான்.

பிள்ளை தோளில் முகம் புதைத்துத் தூங்கினாள். அவளுடைய பிடரி அவன் கண்ணுக்குக் கீழே இருந்தது, வியர்வையில் ஒட்டிய சின்னச் சுருள்களோடு.

ஒரு சுருள் எழும்பியது.

விழுந்தது.

கிளைட்டன் மூச்சைப் பிடித்தான். உதட்டை இறுக்கி மூடினான்.

சுருள் மறுபடி எழும்பியது, அவனை நோக்கி. அவனுக்கு நேர் எதிரே, பிள்ளைக்கு அந்தப் பக்கம், ஒருவரும் நிற்காத வெளிச்சத்திலிருந்து அந்த வெதுவெதுப்பு வந்தது. முதலில் பிள்ளையின் பிடரியில். பிறகு, மெல்ல உயர்ந்து, அவன் முகத்தில்.