மூன்று மணி நேரத்தில் ஒன்பது டன்

சனிக்கிழமை காலை பாளையங்கோட்டையில் ஜெபகனியின் வீட்டுக்கு ரீபா தன் கணவன் ஷிபினோடு வந்தாள். ஜெபகனி துறைமுக ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் எண்ணெய் மாதிரிகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர்.

செய்தித்தாள் சுற்றிய ஒரு பாட்டிலை ரீபா மேசையில் வைத்தாள்.

“எங்கண்ணன் சூசையோட வலையில ஒட்டுன தாரு அக்கா. வியாழக்கிழமை உவரிக் கரை பூரா இப்படித்தான் கெடந்துது. யாரும் கடலுக்குப் போகல. எந்தக் கப்பல்னு நீங்கதான் சொல்லணும்.”

பக்கத்து வீட்டுக் கோமதிசங்கர், ஓய்வு பெற்ற தாசில்தார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “இதுல என்ன யோசனை? எண்ணெய் ஏத்திட்டுப் போற டேங்கராத்தான் இருக்கும்!”

“டேங்கர் எண்ணெய் இல்ல சார்” என்றான் ஷிபின். “இது எஞ்சின் ரூம் கழிவு.”

ஜெபகனி அவனைப் பார்த்தார். பிறகு ரீபாவிடம் திரும்பினார்.

“அதுக்கு முந்தி எத்தனை கப்பல் அந்தப் பக்கமாப் போச்சு?”

“புதன்கிழமை விடியக்காலம் மூணு கப்பல் போச்சு. ஒண்ணு இவங்க வேலை பாக்குத நிலக்கரிக் கப்பல். அன்னிக்கு மத்தியானம் தூத்துக்குடியில எறங்கி லீவுல வந்தாங்க. அத விட்ருங்க, மத்த ரெண்டையும் பாருங்க” என்றாள் ரீபா. “இவங்க கப்பல் பதிவேட்டுல எல்லாம் ஒழுங்கா இருக்கு. போட்டோ வச்சிருக்காங்க. காட்டுங்களேன்.”

ஷிபின் தயங்கினான். மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் கைப்பேசியை நீட்டினான்.

இயந்திர அறையில் எண்ணெய் கலந்த கழிவுநீர் சேரும். அதிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் கருவி ஒன்று எல்லாக் கப்பலிலும் உண்டு. தெளிந்த நீர்தான் கடலுக்குப் போக வேண்டும். அந்தக் கருவி ஓடிய நேரமும் அளவும் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தில் இருந்தன. கீழே இரண்டாம் இன்ஜினியர் ஷிபினின் கையெழுத்து.

“இந்த மெஷின் மணிக்கு எவ்வளவு பிரிக்கும் தம்பி?” கோமதிசங்கர் ஆர்வமாகக் கேட்டார்.

“ஒரு டன்.”

ஜெபகனி மெதுவாகப் படித்தார். “புதன்கிழமை. நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும். ஒன்பது டன்.”

கோமதிசங்கர் கைப்பேசிப் பக்கம் குனிந்தார்.

“மூணு மணி நேரத்துல மூணு டன்தான் பிரிக்க முடியும்” என்றார் ஜெபகனி. “மிச்சம் ஆறு டன் எங்க போச்சு? பாட்டில நான் இன்னும் தொறக்கவே இல்ல. ரீபா தார்னு மட்டும்தான் சொன்னா. எஞ்சின் ரூம் கழிவுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது தம்பி?”

ஷிபின் தரையைப் பார்த்தான்.

“மெஷின் அடிக்கடி நின்னுச்சு. கழிவுத் தொட்டி நெறஞ்சிட்டு. மெஷின விட்டுட்டு நேரா கடலுக்குப் போற மாதிரி ஒரு பைப்ப மாட்டச் சொன்னாரு சீஃப் இன்ஜினியரு. மாட்டுனேன்.”

“எங்க ஊருன்னு தெரியுமா அப்போ?” ரீபாவின் குரல் அடங்கியிருந்தது.

“மாதா கோயில் வெளக்கு தெரிஞ்சுது.”

ரீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “மன்னிச்சிருங்கக்கா. நாந்தான் இவங்கள பெருமையாக் கூட்டிட்டு வந்தேன்” என்றாள்.

ஜெபகனி வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். ஷிபின் நடந்ததை எழுதினான். “வேலை போயிரும்” என்றான். “போகும்” என்றார் ஜெபகனி. அவன் கையெழுத்திட்டான். அதைக் கப்பல் துறை அதிகாரிக்கு அன்றே அனுப்புவதாகச் சொல்லிக் கோமதிசங்கர் வாங்கிக்கொண்டார். அவனை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எங்கண்ணன்ட்ட நீங்களே வந்து சொல்லுங்க” என்றாள் ரீபா.

இருவரும் பேருந்து ஏறினார்கள். உவரியில் மச்சானைக் கண்டதும் சூசை உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டான்.

“வாங்க மச்சான். கப்பல்காரரு நீங்க, கண்டுபிடிச்சிருப்பியன்னு தெரியும். எந்தக் கப்பல்?”

“எங்க கப்பல்” என்றான் ஷிபின். “பைப்ப மாட்டுனது நான்.”

சூசை தங்கையைப் பார்த்தான். அவள் தலை குனிந்திருந்தது.

ஷிபின் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. உட்காருங்க என்று சூசையும் சொல்லவில்லை.