போதும் அண்ணாச்சி

வேலை முடிந்து ஐஸ் வெட்டுகிறவர்கள் சீட்டாட உட்கார்ந்தார்கள். வழக்கம்போல ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஓர் எழுப்பி வந்து நின்றுகொண்டது. செவ்வாயின் வடமுனைக் குடியிருப்பில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதுகூடக் கிடையாது.

எழுப்பி ஆளுயர இயந்திரம். அதற்கு ஒரே வேலைதான். தன் ஆளின் நாடித்துடிப்பு, மூச்சு, பெருமூச்சு, பந்தயம் கட்டும் வேகம் எல்லாவற்றையும் கவனித்து, அவர் ஆட்டத்தைவிட்டு எழ வேண்டிய நேரம் வந்ததும் காதோடு காதாக "போதும், எழும்புங்க" என்று சொல்ல வேண்டும். கையைப் பிடித்து இழுக்க அதற்கு உரிமை கிடையாது.

அங்கே பந்தயம் பணமல்ல, தண்ணீர். ஐஸை வெட்டி உருக்கினால்தான் குளியல். வாரத்துக்கு இத்தனை நிமிடம் என்று ஆளாளுக்கு ஒரு பங்கு உண்டு. அதை நீல வில்லைகளாகக் கொடுப்பார்கள். அந்த வில்லைகளை வைத்துத்தான் போக்கர். ஒரு காலத்தில் பாதி ஊர் தன் குளியலைத் தோற்றுவிட்டு, காற்றுச் சுத்திகரிப்பான்களே திணறுமளவுக்கு நாறிப்போனது. அதன் பிறகு ஊர்மன்றம் போட்ட சட்டம்தான் இது: எழுப்பி இல்லாமல் யாரும் ஆடக்கூடாது.

எழுப்பிகளின் கணிப்பு ஒருநாளும் தவறியதில்லை. அதை ஒருவரும் ஒருநாளும் கேட்டதுமில்லை. அந்த மேசையில் முடிவு நேரம் என்று ஒன்று கிடையாது. எந்த ஆட்டம் முடிந்தாலும் வில்லைகளை வாரிக்கொண்டு எழுந்து போகலாம். கதவு எப்போதும் திறந்தே இருந்ததால் போக வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை.

யாகப்பன் துளைப்பொறி மெக்கானிக். தூத்துக்குடிக்காரர். அவருடைய மனைவி ஜெசிந்தா, தன் அக்கா மகள் கல்யாணத்துக்காகப் பூமிக்குப் போயிருந்தாள். மறுநாள் காலையில் அவளுடைய கப்பல் இறங்குகிறது. ஏழு மாதப் பயணம். கப்பலில் குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். "இறங்கினதும் தலைக்குக் குளிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்று செய்தி அனுப்பியிருந்தாள். யாகப்பன் ஒரு மணி நேரம் வெந்நீர் தருவதாகப் பெருமையாக வாக்குக் கொடுத்துவிட்டார். கையிலிருந்தது அதில் பாதி.

அன்றைக்குச் சீட்டு நன்றாக விழுந்தது. அரை மணி நேரம் முக்கால் மணி நேரமானது. பிறகு வாக்குக் கொடுத்த ஒரு மணி நேரமும் சேர்ந்துவிட்டது. எழுப்பி குனிந்தது.

"போதும் அண்ணாச்சி, எழும்புங்க."

"எலே, இப்பதான் சீட்டு நம்ம பக்கம் திரும்பியிருக்கு. இப்பப் போய் எழும்பச் சொல்லுத?"

கொஞ்ச நேரத்தில் பத்து நிமிடக் குளியல் கைவிட்டுப் போனது. எழுப்பி மறுபடியும் குனிந்தது.

"போதும் அண்ணாச்சி."

"விட்டதைப் பிடிக்காண்டாமா?"

"ஜெயிச்சாலும் எழும்ப மாட்டேங்கிய, தோத்தாலும் எழும்ப மாட்டேங்கிய. பின்ன எப்பதான் எழும்புவிய?"

எதிரே இருந்த பேச்சித்தாய் சத்தமாகச் சிரித்தாள். காய்கறிக் கூடத்தின் தலைவி. கீரை வளர்ப்பதைவிட வில்லை வளர்ப்பதில் கெட்டிக்காரி என்று ஊரில் பேச்சு.

அப்போது யாகப்பனின் மணிக்கட்டு அதிர்ந்தது. மூன்றாம் துளைப்பொறி ஐஸில் சிக்கிக்கொண்டிருந்தது. உடனே போயாக வேண்டும். வேலைக்காகக் கூப்பிட்டால் இருக்கை பறிபோகாது, ஆள் திரும்பும்வரை எழுப்பி அதில் உட்கார்ந்து ஆடலாம் என்று விதி இருந்தது.

"உக்காருலே. சொதப்பிராத" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார்.

பொறியை விடுவித்துக் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பியபோது, எழுப்பியின் முன்னால் நீல வில்லைகள் குவிந்து கிடந்தன. ஏறக்குறைய இரண்டு மணி நேரக் குளியல்! யாகப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏ ராசா! போதும்லே, எழும்பு. வீட்டுக்குப் போவோம்."

எழுப்பி திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு ஆட்டம் அண்ணாச்சி."

மேசையிலிருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"என்னலே சொல்லுத?"

"நான் பின்னால நின்னா என் புத்தி. உங்க இடத்துல உக்காந்தா உங்கள மாதிரியேதான் ஆடணும். மெஷின் மூளைய வச்சி யாரும் ஜெயிச்சிரக் கூடாதுன்னு என்னை அப்படித்தான் செஞ்சிருக்கு. இப்பதான் சீட்டு நம்ம பக்கம் திரும்பியிருக்கு, கொஞ்சம் சும்மா நில்லுங்க."

வேறு நாற்காலி இல்லாததால் யாகப்பன் அதன் பின்னாலேயே நின்றார். இத்தனை வருடத்தில் அந்த மேசையை அங்கிருந்து அவர் பார்த்ததே இல்லை.

அடுத்த ஆட்டத்தில் எழுப்பிக்கு இரண்டு ராணிகள் வந்தன. ஆசையோடு வில்லைகளைத் தள்ளியது. அதன் உள்விசிறி இரைந்தது. மேசை நடுவே பொதுச் சீட்டாக ஓர் ஏஸ் விழுந்தது. பேச்சித்தாய் மெதுவாக நிமிர்ந்து, "யாகப்பா, எம் மருமவ ஜெசிந்தா நாளைக்கு வாராளாமே? ஒடம்பு சொகமா இருக்காளா?" என்று அன்பாகக் கேட்டாள்.

யாகப்பனுக்குச் சுருக்கென்றது. கையில் நல்ல சீட்டு வந்தால்தான் இவள் நலம் விசாரிக்கிறாள்! போன வாரம் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டாள். அதற்கு முந்தின வாரம் மாமியாரைப் பற்றி. தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இத்தனை நாள் அது காதில் விழுந்ததே இல்லை.

"எலே, அவகிட்ட இன்னொரு ஏஸ் இருக்கு, ராணிய அடிச்சிரும். விடு."

"நமக்கு ராணி வந்திருக்கு அண்ணாச்சி!"

பேச்சித்தாய் ஏஸைத் திருப்பிப் போட்டாள். குவியலில் ஒரு பகுதி அந்தப் பக்கம் போனது. எழுப்பி ஒரு பெருமூச்சு விட்டது. அதற்கு நுரையீரலே கிடையாது.

அடுத்த ஆட்டத்திலும் போனது, அதற்கடுத்ததிலும் போனது. யாகப்பன் கெஞ்சினார், அதட்டினார், தோளைத் தட்டினார். ஒவ்வொரு முறையும் அது சொன்ன பதில் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ஏனென்றால் அத்தனையும் அவர் சொன்னவை. வெளியே நின்று கேட்கும்போது அவை இவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தார்கள், ஜெசிந்தா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

கடைசியில் குவியல் ஒரு மணி நேரத்துக்கு நான்கே நிமிடம் குறைவாக வந்து நின்றது.

"நாலே நாலு நிமிஷம் அண்ணாச்சி. அதை மட்டும் பிடிச்சிட்டா வாக்கைக் காப்பாத்திரலாம். மதினிக்காகத்தான் சொல்லுதேன்."

அந்த வார்த்தை அவரை அசைத்துவிட்டது. அது நியாயமாகக்கூட இருந்தது. அதைக் கேட்டுத்தான் அவர் பயந்துபோனார். எழுப்பியை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப ஒரே வழிதான் இருந்தது. இருக்கைக்கு உரியவர் ஆட்டத்தை முடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வார்த்தை போதும். அவர் வாயிலிருந்து அவை ஒருநாளும் வந்ததில்லை.

"இருக்கை காலி" என்றார் யாகப்பன்.

எழுப்பி உடனே எழுந்தது. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. "நல்ல முடிவு அண்ணாச்சி. இதத்தான் நான் சாயங்காலத்துல இருந்து சொல்லுதேன்" என்றது.

மறுநாள் ஜெசிந்தா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு ஒரு நீண்ட "ஆ...!" பிறகு பாட்டு. யாகப்பன் வெளியே தரையில் உட்கார்ந்து, ஏதோ கச்சேரி கேட்பவரைப்போலத் தொடையில் தாளம் போட்டார். வெளியே வந்தவளின் கூந்தலில் ஆவி பறந்தது. வாக்கில் நான்கு நிமிடம் குறைந்ததை அவள் கவனிக்கவே இல்லை. "பத்து நிமிஷம் உங்களுக்கு மிச்சம் வச்சிருக்கேன். மொதல்ல போய்க் குளிங்க, பக்கத்துல வர முடியல" என்றாள்.

செய்தி ஊர் முழுக்கப் பரவியது. போக்கர் மேசையிலிருந்து நேரத்தோடு எழுந்த முதல் மனிதர்! ஊர்மன்றம் பாராட்டு விழா எடுத்தது. பேச்சித்தாயே கீரைமாலை போட்டாள். பின்கூடத்தில் உளுந்தவடையும் சாம்பாரும் சூடாகத் தயாராக இருந்தன. "எப்போது எழ வேண்டும் என்பதைப் பற்றி அண்ணாச்சி ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று அறிவித்தார்கள்.

யாகப்பன் எழுந்தார். துளைப்பொறி சிக்கியதில் ஆரம்பித்தார். தூத்துக்குடியில் கழிந்த தம் இளமைப் பருவத்துக்குப் போனார். ஒரு மனிதன் தன்னையே வெளியே நின்று பார்ப்பதன் அவசியத்தை மூன்று உவமைகளோடு விளக்கினார். "இறுதியாக" என்று ஒருமுறை சொன்னார். கூட்டம் நிமிர்ந்தது. "மிக இறுதியாக" என்று மறுமுறை சொன்னார். கூட்டம் சாய்ந்தது. சாம்பாரில் ஆடை படிந்தது. முன்வரிசையில் ஜெசிந்தா புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மேடையின் பின்னால் நின்ற எழுப்பி முன்னே வந்து, காதோடு காதாகச் சொன்னது.

"போதும் அண்ணாச்சி, உக்காருங்க."

யாகப்பன் மைக்கைக் கையால் பொத்தினார்.

"எலே, இப்பதான் கூட்டம் நம்ம பக்கம் திரும்பியிருக்கு."